பொருள்: இரைச்சல் கோருதல் – தொடர்பாக

திருமங்கலம் பஸ் நிலையத்துக்கு எதிரே, கீழே செருப்புக்கடையும் ஜூஸ்கடையும் இருக்க, மாடியில் பதினாறு வருடம் வாடகைக்கு இருந்தது அந்த அரசு அலுவலகம். எந்தத் துறை என்று சொன்னால் அந்தத் துறைக்காரர்கள் வருத்தப்படுவார்கள். சொல்லாமல் விட்டால் எல்லாரும் பக்கத்துத் துறையைச் சொல்வதாக நினைத்துச் சந்தோஷப்படுவார்கள். ஆகவே சொல்லவில்லை.

மக்கள் மனு கொண்டுவருவார்கள். மனு கோப்பாகும். கோப்பில் குறிப்பு எழுதி மேலே அனுப்ப வேண்டும். இதைச் செய்கிற உதவியாளர்கள் நான்கு பேரில் ஒருத்தி முத்துச்செல்வி. வயது முப்பத்தாறு. வில்லாபுரத்தில் வீடு, இரண்டு பஸ் மாறி வருவாள். அவள் குடும்பத்தில் அவளுக்கு முன்னால் யாரும் அரசாங்க நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் குனிந்து நின்றே காலத்தைக் கழித்தவர்கள்.

அவளுடைய நாற்காலி ஜன்னலோரம். ஜன்னலுக்குக் கீழே ஒரு குரல் "ராஜபாளையம், ராஜபாளையம்" என்று கத்தும். இன்னொன்று உசிலம்பட்டிக்கு ஆள் பிடிக்கும். நடுவில் ஏர் ஹாரன், ஜூஸ்கடை மிக்சி, காணாமல்போன பையைப் பற்றி ஒலிபெருக்கியில் அறிவிப்பு. அந்த இடத்தில் உட்கார மற்றவர்கள் மாட்டேன் என்றார்கள். அவள் உட்கார்ந்தாள். அவள் மேசையில் எந்தக் கோப்பும் ராத்தங்கியதில்லை. அவள் வரைவு எழுதினால் மேலே ஒரு கமா மாற்ற மாட்டார்கள். மற்ற மூன்று பேரும் சிக்கலான கோப்புகளை நைசாக அவள் பக்கம் தள்ளிவிட்டு டீ குடிக்கப் போவார்கள். கண்காணிப்பாளர் நல்லகாமன் மேலதிகாரிகளிடம் அவள் வேலையைக் காட்டி, "நம்ம செக்சன் அப்படி சார்" என்று பன்மையில் பாராட்டு வாங்கிக்கொள்வார்.

பிறகுதான் அரசாங்கம் அவர்களுக்கு நல்லது செய்தது.

ஊருக்கு வெளியே, நான்குவழிச் சாலையை விட்டு உள்ளே தள்ளி, கருவேலங்காட்டுக்கு நடுவில் மூன்று மாடிச் சொந்தக் கட்டடம். கண்ணாடித் தடுப்புகள், ஏ.சி., மாடிக்கு ஐந்து என்று 'அமைதி காக்கவும்' பலகைகள். யார் அமைதியைக் குலைப்பார்கள் என்றுதான் தெரியவில்லை. பஸ் போகாத இடம் என்பதால் பொதுமக்களில் பாதிப் பேர் வருவதையே விட்டுவிட்டார்கள். அலுவலகம் முழுவதும் மகிழ்ச்சி. முத்துச்செல்விக்குப் பக்கத்து மேசை அன்னக்கொடி, மத்தியானத்தில் இப்படி ஒரு தூக்கம் தனக்குக் கல்யாணத்துக்கு முன்னால்கூட வாய்த்ததில்லை என்றாள்.

முத்துச்செல்விக்கு அந்த அமைதியில் மூச்சு முட்டியது. கணினித் திரையில் ஒரு மனுவைத் திறப்பாள். முதல் வரியைப் படிப்பாள். ஏ.சி.யில் ஒரு பச்சை விளக்கு எரிகிறதே, அது எதற்கு என்று தோன்றும். கண்ணாடியில் பல்லி ஏறுமா என்று தோன்றும். கேஸ் புக் பண்ணினோமா, அன்னக்கொடி அக்காவின் சேலை நிறத்துக்கு என்ன பெயர், இந்தக் கட்டடத்துக்கு எத்தனை படி. படியை எண்ணுவதற்காகவே ஒரு தடவை கீழே இறங்கிப் போய்விட்டு வந்தாள். ஐம்பத்திரண்டு. திரும்பி வந்தால் திரையில் அதே முதல் வரி.

மூன்றாவது மாதத்தில் அவள் மேசையில் நாற்பது கோப்புகள் குடியேறியிருந்தன. அதோடு ஒரு தப்பும் நடந்தது. கீழக்குயில்குடியிலிருந்து மொக்கையன் என்பவர் பதிவேட்டில் தன் பெயரில் இருந்த எழுத்துப் பிழையைத் திருத்தக் கேட்டிருந்தார். முத்துச்செல்வி திருத்தினாள். அவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் தகப்பனார் பெயரும், தகப்பனார் இடத்தில் அவர் பெயரும் ஏறிவிட்டன. மொக்கையன் உத்தரவை எடுத்துக்கொண்டு நேரில் வந்தார்.

"தாயி, எங்கப்பன் செத்துப் பதினெட்டு வருசமாச்சு. இப்ப அவரு எனக்கு மகனா வந்து நிக்கிறாரு. நான் என்ன செய்ய, பள்ளிக்கூடத்துல சேக்கவா?" என்றார்.

அவர் கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருக்கலாம். பஸ்ஸை விட்டு இறங்கி வெயிலில் நான்கு கிலோமீட்டர் நடந்து வந்த மனிதர் நிதானமாகக் கேட்டார். முத்துச்செல்வி கழிப்பறைக்குப் போய் அழுதாள். நல்லகாமன் அன்று சாயங்காலமே மெமோ கொடுத்தார். அந்த அலுவலகத்தில் கேட்ட அன்றே கிடைக்கிற ஒரே காகிதம் அதுதான். அதில் 'உங்களது கவனக்குறைவு' என்று இருந்தது. பள்ளிக்கூடத்தில் வாத்தியார்கள் சொன்னதும் அதே வார்த்தைதான்.

அவள் மதுரையில் ஒரு மனநல மருத்துவரைப் போய்ப் பார்த்தாள். டாக்டர் தமிழ்வாணி ஒரு மணி நேரம் கேள்வி கேட்டார். இரண்டாவது முறை வரச்சொல்லி இன்னும் கேட்டார். வேலைக்கான பரீட்சைக்கு எங்கே உட்கார்ந்து படித்தீர்கள் என்று கேட்டபோது முத்துச்செல்விக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

"பக்கத்துல லேத்துப் பட்டறை டாக்டர். இரும்பு கடைஞ்சுக்கிட்டே இருப்பாங்க. ஞாயித்துக்கிழமை லீவு. ஞாயித்துக்கிழமை மட்டும் எனக்குப் படிப்பு ஏறாது."

டாக்டர் பேனாவை வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். இதற்கு ஏ.டி.எச்.டி. என்று பெயர், பிறவியிலேயே மூளை கவனத்தைக் கையாளும் விதம் வேறு, சோம்பேறித்தனம் இல்லை, புத்திக்குறைவும் இல்லை என்றார். மாத்திரை எழுதினார். "பின்னால ஒரே சீரா ஒரு சத்தம் ஓடுறது சிலருக்கு உதவும். எல்லாருக்கும் இல்ல. உங்களுக்கு உதவியிருக்குன்னு உங்க கதையே சொல்லுது. முயற்சி பண்ணிப் பாருங்க," என்றார்.

வீட்டில் கணவன் சிவபாண்டியிடம் சொன்னாள். அவன் டூவீலர் ஒர்க்ஷாப்பில் மெக்கானிக். செல்போனில் தேடிப் பார்த்துவிட்டு, "வெள்ளைச் சத்தம், ரோஸ் சத்தம், பழுப்புச் சத்தம்னு போட்டுருக்கான். சத்தத்துக்குக் கலர் வேறயா? பேசாம நம்ம கடைக்கு வந்துரு செல்வி, சைலன்சர் இல்லாத புல்லட்டு மூணு நிக்கிது," என்றான். சிரித்தானே தவிர, மறுநாளே ஒரு நல்ல இயர்போன் வாங்கிவந்தான்.

முதலில் மழைச் சத்தம் கேட்டாள். மொட்டைமாடியில் காயப்போட்ட துணி ஞாபகம் வந்துவிட்டது. ஆறு ஓடுகிற சத்தம் கேட்டாள். வைகையில் தண்ணீர் சத்தம் போட்டு ஓடி அவள் கேட்டதில்லையாதலால், இது எந்த ஆறாக இருக்கும் என்று புத்தி கிளம்பிப் போய்விட்டது. காபிக்கடைச் சத்தம் என்று ஒன்று இருந்தது. அதில் வெள்ளைக்காரர்கள் மெதுவாகப் பேசிக்கொண்டார்கள். அவர்களுக்குள் என்ன சண்டை என்று காதைத் தீட்டிக்கொண்டு இருபது நிமிடம் உட்கார்ந்திருந்தாள். கடைசியில் ஒரு சனிக்கிழமை பழைய பஸ் நிலையத்துக்கே போனாள். செருப்புக்கடை வாசலில் நின்று இரண்டு மணி நேரம் செல்போனில் பதிவு செய்தாள். என்ன செய்கிறாய் என்று ஜூஸ்கடைக்காரர் கேட்டதற்கு, ஆபீஸ் வேலை என்றாள்.

திங்கட்கிழமை அந்தப் பதிவைக் காதில் ஓடவிட்டு உட்கார்ந்தாள். 'ராஜபாளையம்' என்றது குரல். ஏர் ஹாரன் அடித்தது. அவள் நிமிர்ந்து பார்த்தபோது மணி ஒன்றரை. ஒன்பது கோப்புகள் முடிந்திருந்தன. நாலு நாளில் நாற்பதில் பாதி கரைந்தது.

வெள்ளிக்கிழமை நல்லகாமன் கூப்பிட்டார். அவருடைய கண்ணாடி அறையில் செல்போன் மேசைமேல் சாய்ந்து நின்று, ஒருவர் குளத்தில் விழுகிற வீடியோவைச் சத்தமாகக் காட்டிக்கொண்டிருந்தது. அந்த அறையின் கண்ணாடி தரமானது. உள்ளே எத்தனை பேர் குளத்தில் விழுந்தாலும் வெளியே கேட்காது.

"ஆபீஸ் நேரத்துல பாட்டுக் கேக்குறியாம்ல."

"பாட்டு இல்ல சார். பஸ் ஸ்டாண்டுச் சத்தம்."

நல்லகாமன் வீடியோவை நிறுத்தினார். அவள் டாக்டர் சீட்டை நீட்டினாள். அவர் கண்ணாடியை மாட்டி எழுத்துக்கூட்டினார்.

"ஏ.டி. ஏ.டி.ன்னா அசிஸ்டெண்ட் டைரக்டரு. எச்.டி. எந்த டிபார்ட்மெண்டு?"

"அது நோய்ப் பேரு சார். நோயுங்கூட இல்ல, கவனம் சம்பந்தப்பட்டது. சத்தம் இருந்தா எனக்கு வேலை ஓடும்."

"ஊரு உலகத்துல எல்லாரும் சத்தமில்லாத எடம் கேப்பான். நீ சத்தம் கேக்குற." சீட்டைத் திருப்பிக் கொடுத்தார். "ஏம்மா, கவர்மெண்டு ஒங்களுக்கெல்லாம் ஏற்கனவே அம்புட்டுச் சலுகை குடுத்துருக்கு. அதுக்கு மேல இது ஒண்ணா?"

ஒங்களுக்கெல்லாம் என்றால் யாருக்கெல்லாம் என்று அவள் கேட்கவில்லை. பன்னிரண்டு வருட சர்வீஸில் அந்த வார்த்தையை எந்தெந்தச் சந்தர்ப்பத்தில் எடுப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். இயர்போனைப் பைக்குள் வைத்தாள். இடத்துக்கு வந்து, கோபத்தோடு ஒரு மனு எழுதினாள்.

'பொருள்: இரைச்சல் கோருதல் – தொடர்பாக' என்று ஆரம்பித்தாள். பழைய அலுவலகத்தில் கிடைத்துவந்த இரைச்சல் புதிய அலுவலகத்தில் கிடைக்கப்பெறாமையால் பணி பாதிக்கப்படுவதாகவும், பிறருக்கு இடையூறின்றி இயர்போன் வழியாக அதைப் பெற அனுமதிக்குமாறும், மருத்துவச் சான்று இணைக்கப்பட்டுள்ளதாகவும் குறிப்பிட்டு, தபால் பிரிவில் கொடுத்து முத்திரை வாங்கிக்கொண்டாள்.

நல்லகாமன் மூன்று நாள் அந்த மனுவைச் சுற்றிச் சுற்றி வந்தார். விதிப் புத்தகத்தில் இரைச்சலைக் குறைக்க வழி இருந்தது, தடுக்க வழி இருந்தது, எழுப்பியவரைத் தண்டிக்கவும் வழி இருந்தது. கொடுக்க வழி இல்லை. தன்னால் முடியாதது வந்தால் எல்லாரும் செய்வதுபோல அவரும் அதை மதுரைத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பிவைத்தார். ஆறு வாரம் கழித்து மூன்று கேள்விகளோடு திரும்பி வந்தது. கோரப்படும் இரைச்சலின் அளவு யாது? பழைய கட்டடத்தின் இரைச்சல் இருப்புப் பதிவேட்டில் ஏற்றப்பட்டிருந்ததா? மனுதாரர் விடுப்பில் இருக்கும் நாட்களில் அது என்ன செய்யப்படும்? மூன்றுக்கும் முத்துச்செல்வி பதில் எழுதினாள். இரண்டாவதற்கு மட்டும் 'இல்லை' என்று ஒரே வார்த்தை. மேலும் ஒரு மாதம் கழித்து, நேரில் ஆய்வு செய்ய மூன்று பேர் கொண்ட குழு அமைத்து ஆணை வந்தது.

புதன்கிழமை பதினொன்றரைக்குக் குழு வந்தது. தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி, ஒரு மின் பொறியாளர், பணியாளர் நலனைக் கவனிக்கும் ஓர் அம்மா. முத்துச்செல்வியின் நாற்காலியைச் சுற்றி நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். முதலில் அரை மணி நேரம் சத்தமில்லாமல், அடுத்து அரை மணி நேரம் இயர்போனோடு. எதில் எத்தனை கோப்பு என்று பார்ப்பது. பொறியாளர் செல்போனில் கடிகாரத்தை ஓடவிட்டார்.

ஆறு கண்கள் கழுத்தில் குத்த, அந்த நிசப்தத்தில் முத்துச்செல்வி ஒரு மனுவைத் திறந்தாள். நலன் அம்மாவின் வாட்ச் டிக் டிக் என்றது. பொறியாளரின் சட்டையில் மூன்றாவது பொத்தான் வேறு நிறம். முதல் வரி. மறுபடி முதல் வரி. கன்னம் சுட்டது. பன்னிரண்டு வருடமாக யாருக்கும் தெரியாமல் வைத்திருந்ததை உரித்து மேசைமேல் போட்டதுபோல இருந்தது. அரை மணி முடிந்தபோது முடிந்த கோப்பு பூஜ்யம்.

"சரி, எழுதிக்கங்க," என்றார் அதிகாரி. பொறியாளர் எழுதுவதற்காக ஆணையை எடுத்தார். எடுத்தவர் நெற்றியைச் சுருக்கினார்.

"சார், நம்ம கமிட்டி பேரு என்ன போட்டுருக்கு பாத்தீங்களா? இரைச்சல் ஒழிப்பு ஆய்வுக் குழு."

"கொடுங்க." அதிகாரி வாங்கிப் பார்த்தார். "பழைய ஆர்டரைக் காப்பி அடிச்சுருக்கான். இது ஒங்க செக்சன்ல டைப் பண்ணதுதான?"

"எங்க செக்சன் எப்படி சார்? டிராப்ட் ஒங்க டேபிள்ல இருந்துல்ல வந்துச்சு."

"ஒழிப்புன்னா நாம எப்படி சார் குடுக்குறதைப் பத்திப் பாக்க முடியும்? அதிகாரமே இல்லையே," என்றார் நலன் அம்மா. நல்லகாமன் தன் அறையிலிருந்து எழுந்து வந்து, தான் அப்போதே சொன்னதாகச் சொன்னார். எப்போது சொன்னீர்கள் என்று அதிகாரி கேட்டார். பொறியாளர் தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். அந்தப் பக்கத்தில் இருந்தவர், இது நான் இல்லை, எனக்கு முன்னால் இருந்தவர் என்றார். முன்னால் இருந்தவரையும் அழைப்பில் சேர்த்தார்கள். அவர் அப்போது திருச்செந்தூரில் குடும்பத்தோடு கோயில் வரிசையில் நின்றுகொண்டிருந்தார். அந்தக் கூட்டமும் ஸ்பீக்கரில் சேர்ந்துகொண்டது. ஆறு குரலும் ஒன்றின்மேல் ஒன்று ஏறின. யாரும் யாருக்கும் பதில் சொல்லவில்லை. எல்லாரும் சேர்ந்து ஒரே சீராகப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

முத்துச்செல்வியின் விரல்கள் தாமாகவே நகர்ந்தன. முதல் வரி, இரண்டாவது வரி, கடைசி வரி. குறிப்பு எழுதினாள், அனுப்பினாள். அடுத்தது. பின்னால் யாரோ "அது என் அதிகார வரம்பே இல்ல" என்றார். அது அவளுக்கு 'ராஜபாளையம்' என்பதைப் போலவே இருந்தது. மொக்கையனின் கோப்பை எடுத்து, தகப்பனைத் தகப்பனாகவும் மகனை மகனாகவும் மூன்று தடவை சரிபார்த்து உத்தரவு எழுதினாள். அன்னக்கொடி மட்டும்தான் இதைக் கவனித்தாள். அவள் அதை யாரிடமும் காட்டிக்கொடுக்காமல், சண்டை ஓய்கிற மாதிரி இருந்தபோதெல்லாம் "அப்ப தேதியும் தப்பா இருக்கே சார்" என்று ஏதாவது எடுத்துக்கொடுத்தாள்.

ஒன்றே முக்கால் மணிக்கு எல்லாருக்கும் பசித்தது. அதிகாரி திரும்பி, "என்னம்மா, இயர்போனை மாட்டிட்டியா?" என்றார். "இல்ல சார்," என்றாள். "எத்தனை முடிஞ்சது?" "பதினொண்ணு சார்."

குழு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது. யாருடைய முகத்திலும் வெட்கம் தெரியவில்லை. தீர்வு கிடைத்த நிம்மதிதான் தெரிந்தது. மனுதாரர் எந்தக் கருவியும் இல்லாமலே பதினோரு கோப்புகளை முடித்ததாகவும், ஆகவே குறைபாடு எதுவும் இல்லை என்றும், மனுவை நிராகரிக்கலாம் என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். பிரியாணிக்குப் போனார்கள்.

நிராகரிப்பு ஆணையை யார் வரைவது என்ற கேள்வி வந்தது. நல்லகாமனுக்கு அதில் சந்தேகமே இல்லை. "நீயே எழுதிரும்மா. ஒன்னய மாதிரி யாரு எழுதுவா?" என்றார். அவர் அதைக் கிண்டலாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் அவளுக்கு வலித்தது.

அன்று இரண்டு மாடி இறங்கி, வாசலில் மனு வாங்குகிற இடத்துக்குப் பக்கத்தில் போய் நின்று எழுதினாள். அந்தக் கட்டடத்தில் சத்தம் என்று ஏதாவது இருந்தால் அங்கேதான் இருந்தது. வந்துசேர்ந்த சொற்ப ஜனமும் அங்கேதான் நின்று சண்டை போட்டது. ஆணை ஒன்றரைப் பக்கம் வந்தது. குழு சொன்னதை ஒரு சொல் மாற்றாமல் எழுதினாள். அதற்கு மேலே நடந்ததையும் எழுதினாள். அலுவலர்கள் தமக்குள் நிகழ்த்திய இயல்பான உரையாடல் ஒலியின் நடுவே மனுதாரர் பதினோரு கோப்புகளை முடித்தார் என்று இரண்டாவது பத்தி. அத்தகைய ஒலி தரைத்தள மனுப் பெறும் பிரிவில் இயல்பாகவே கிடைப்பதால் கருவி தேவையற்றது என்று மூன்றாவது. ஆகவே மனுதாரரின் இருக்கை உடனடியாக அப்பிரிவுக்கு மாற்றப்படுகிறது என்று நான்காவது. கடைசி வரி: மனு நிராகரிக்கப்படுகிறது.

நல்லகாமன் எந்தக் கோப்பிலும் கடைசி வரியைத்தான் படிப்பார். படித்தார். கையெழுத்துப் போட்டார். நகல் அன்றே தலைமை அலுவலகத்துக்குப் போய்விட்டது.

மறுநாள் முத்துச்செல்வி கணினியைத் தூக்கிக்கொண்டு கீழே போனபோதுதான் அவர் ஓடிவந்தார். "யாரைக் கேட்டுப் போற?"

"ஒங்க ஆர்டர் சார். நாலாவது பாரா."

அவர் நாலாவது பாராவைப் படித்தார். கூடவே இரண்டாவதையும் மூன்றாவதையும் படிக்க வேண்டியதாயிற்று. படிக்காமல் கையெழுத்துப் போட்டேன் என்று எழுதிக்கொடுத்தால்தான் அதை ரத்து செய்ய முடியும். அவர் மாடிக்குத் திரும்பிப் போனார்.

கீழே வெயில் நேராக முகத்தில் அடிக்கும். ஏ.சி. கிடையாது. நாள் முழுக்க யாராவது கத்துவார்கள். மாலையில் தலை வலிக்கும். மாத்திரை பசியைக் கொன்றுவிட்டதால் மத்தியானச் சோறு பாதி திரும்பிப் போகும். மாடியில் அவளுக்கு 'எச்.டி. மேடம்' என்று பெயர் வைத்திருந்தார்கள். ஆனால் ஐப்பசி முடிவதற்குள் அவள் மேசையில் பழைய கோப்பு என்று ஒன்றுகூட இல்லை. மாடிக்காரர்கள் தங்களுடையவற்றைக் கீழே இறக்கத் தொடங்கியிருந்தார்கள். "அவங்கவங்க பைலை அவங்கவங்க பாருங்க," என்று அவள் இரண்டு முறை திருப்பி அனுப்பினாள். பன்னிரண்டு வருடத்தில் முதல் தடவை.

கார்த்திகையில் ஒரு திங்கட்கிழமை, கூட்டம் நெரிகிற நேரத்தில் நல்லகாமன் இறங்கிவந்து அவள் மேசைக்குப் பக்கத்தில் நின்றார். வரிசையில் இரண்டு பேர் யார் முதலில் வந்தது என்று மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் குனிந்து என்னவோ முணுமுணுத்தார்.

"கேக்கல சார். கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க."

அவர் சுற்றிலும் பார்த்தார். இன்னும் குனிந்தார். "நம்ம மக திவ்யா. பிளஸ் டூ. டிவி ஓடுனாத்தான் படிப்பேங்குது. நானும் அடிச்சும் பாத்துட்டேன். போன வாரம் ரூமுக்குள்ள வச்சுப் பூட்டிட்டேன், அமைதியாப் படிக்கட்டும்னு. ஒரு பக்கம் நகரல. அழுதுக்கிட்டே இருக்கு." நிறுத்தினார். "நீ பாத்த டாக்டரு பேரு என்ன?"

முத்துச்செல்வி அவரைப் பார்த்தாள். நாக்கு நுனி வரைக்கும் ஒரு வார்த்தை வந்தது. ஒங்களுக்கெல்லாம் என்று ஆரம்பிக்கிற வார்த்தைதான். பூட்டிய அறைக்குள் உட்கார்ந்து ஒரே வரியைப் படித்துக்கொண்டிருக்கும் அந்தப் பெண்ணை நினைத்து அதை விழுங்கிக்கொண்டாள். ஒரு துண்டுத்தாளில் டாக்டர் தமிழ்வாணியின் பெயரையும் நம்பரையும் எழுதினாள்.

"மொதல்ல பூட்டைத் தொறங்க சார்," என்றாள். இதைச் சத்தமாகவே சொன்னாள். வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

நல்லகாமன் துண்டுத்தாளைச் சட்டைப்பைக்குள் மடித்து வைத்தார். "யாருக்கும் தெரிய வேணாம்," என்றார்.

"அடுத்து யாரு, வாங்க," என்று முத்துச்செல்வி வரிசையைக் கூப்பிட்டாள். இரண்டு பேர் ஒரே சமயத்தில் மனுவை நீட்டினார்கள்.